ஆராதனை, அரிச்சுவடி, ஆஸ்பத்திரி

நம் சங்கக் கூட்டங்களை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்தால் கிறிஸ்தவ உறுப்பினர்கள் பெரும்பாலும் வருவதில்லை; மாலையில் வைத்தால் வந்துவிடுகிறார்கள். இதைக் கவனித்த கரமனை நண்பர் ஒருவர், "நாங்கள் கோயிலுக்குப் போனால் அரை மணியில் பிரதட்சணம் முடித்துத் திரும்பிவிடுகிறோம். நீங்கள் காலை எட்டு மணிக்குப் போனால் ஒரு மணிக்குத்தான் வீடு வருகிறீர்கள். அவ்வளவு நேரம் உள்ளே என்னதான் நடக்கிறது சார்?" என்று கேட்டார். பக்கத்து வீட்டிலேயே நாற்பது ஆண்டு குடியிருந்தாலும் அடுத்தவர் வழிபாடு நமக்குத் தெரியாமலே போய்விடுவது உண்டு. ஆகவே அவருக்குச் சொன்ன பதிலையே சற்று விரித்து நம் பத்திரிகைக்கு எழுதுகிறேன். நான் இறையியல் படித்தவன் அல்லன். ரயில்வேயில் இருப்புப் பாதைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எது எதனோடு இணைக்கப்பட்டிருக்கிறது, எந்த இணைப்புத் தளர்ந்திருக்கிறது என்று பார்ப்பதே என் பிழைப்பாக இருந்தது. அந்தக் கண்ணோடுதான் இதையும் பார்க்கிறேன்.

திருவனந்தபுரத்தில் எங்களுடையது சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த சிறிய தமிழ்ச் சபை. வருகிறவர்கள் பெரும்பாலும் கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்கள். சாலைக் கடைத்தெருவில் வியாபாரம் செய்பவர்கள், வங்கி ஊழியர்கள், மத்திய அரசு அலுவலகக்காரர்கள், பிறகு எங்கள் ரயில்வே ஆட்கள். 1979 ஏப்ரலில் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி திருவனந்தபுரம் கோட்டம் பிறந்தது. அதன் எல்லை திருநெல்வேலிக்கு அருகில் மேலப்பாளையம் வரை போகிறது. ஆகவே தமிழ் பேசும் ரயில்வே குடும்பங்கள் இந்த நகரத்துக்கு வந்துகொண்டே இருந்தன. வந்தவர்களின் பிள்ளைகள் இங்கேயே பள்ளியில் சேர்ந்தார்கள். இந்தக் கட்டுரையின் பிரச்சினை அந்தப் பள்ளியிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு வருவோம்.

எங்கள் ஞாயிறு இப்படி. காலை எட்டு மணிக்கு 'ஞாயிறு பள்ளி'. குழந்தைகளுக்கு வயதுவாரியாக வகுப்பு. பாட்டு, கதை, மனப்பாட வசனம். ஒன்பதரைக்கு ஆராதனை. அது பதினொன்றே காலுக்கு முடியும். அதன்பின் தேநீர், விசாரிப்பு, பெண்கள் ஐக்கிய சங்கம், வாலிபர் சங்கம் என்று சிறு சிறு கூட்டங்கள். அங்கிருந்து ஒரு குழு மருத்துவக் கல்லூரிப் பக்கம் கிளம்பிப் போகும். வழிபாடு, படிப்பு, தொண்டு ஆகிய மூன்றும் ஒரே காலைக்குள் அடங்குகின்றன. தனித்தனி இலாகாக்கள் போலத் தோன்றும். உண்மையில் அப்படி இல்லை.

முதலில் ஆராதனையைச் சொல்லிவிடுகிறேன். அது மனம் போனபடி நடப்பது அன்று. அச்சிட்ட ஒழுங்கு உண்டு. ஆயத்தம், பாவ அறிக்கை, பழைய ஏற்பாட்டிலிருந்தும் புதிய ஏற்பாட்டிலிருந்தும் வாசிப்புகள், பிரசங்கம், விசுவாசப் பிரமாணம், பிறருக்காக வேண்டுதல், காணிக்கை. குறிப்பிட்ட ஞாயிறுகளில் திருவிருந்து. வேதவாசிப்பைப் போதகர் மட்டுமே செய்வதில்லை. சபையார் முறை வைத்து வாசிப்பார்கள். இந்தச் சிறு விஷயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திருவிருந்து ஆராதனையில் 'சமாதானம் கொடுத்தல்' என்று ஒரு கட்டம் வரும். போதகர் தம் இரு கைகளால் உதவியாளரின் கூப்பிய கைகளைத் தொட்டு வாழ்த்துவார்; அவர் அடுத்தவருக்குக் கொடுப்பார்; இப்படியே பந்தி பந்தியாகக் கடைசி ஆள் வரை போகும். பார்ப்பவர்கள் இதை வெள்ளைக்காரர் கொண்டுவந்த வழக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். அது கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் நூற்றாண்டுகளாகக் காத்து வந்த வழக்கம். 1947 செப்டம்பர் 27இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுச் சபைகள் ஒன்றாகிச் சி.எஸ்.ஐ. உருவானபோது, ஒன்றுபட்ட சபைக்குப் புதிய வழிபாட்டு ஒழுங்கு ஒன்று தேவைப்பட்டது. அதை வகுத்த குழுவின் பொறுப்பாளராக இருந்தவர் லெஸ்லி பிரவுன். நம் நகரத்துக் கண்ணம்மூலையில் உள்ள கேரள ஐக்கிய இறையியல் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1950இல் வெளியான அந்த ஒழுங்கில், அயலகத்துச் சிரியன் சபையின் இந்தக் கைவாழ்த்து இடம் பெற்றது. பிற்காலத்தில் மேலை நாட்டுச் சபைகள் பலவும் இந்தப் பழைய வழக்கத்தை மீட்டெடுத்தபோது சி.எஸ்.ஐ. ஒழுங்கும் அவர்களுக்கு ஒரு முன்மாதிரியாக இருந்தது. உலகத்துக்குப் போன ஒரு சரக்குக்குக் கண்ணம்மூலையும் ஒரு புறப்பாட்டு நிலையம் என்பது நம்மூர்க்காரர்களுக்கே தெரியாது!

இனிப் படிப்பு. ஞாயிறு பள்ளி என்றால் பைபிள் கதை சொல்லும் இடம் என்றுதான் இன்று எண்ணுகிறோம். தொடக்கத்தில் அது எழுத்தறிவுப் பள்ளி. 1780இல் இங்கிலாந்தின் கிளாஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் அதைப் பரப்பினார். அவ்வூர் ஏழைப் பிள்ளைகள் வாரத்தில் ஆறு நாளும் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். மீதியிருந்தது ஞாயிறு ஒன்றுதான். அந்த ஒரு நாளில் அவர்களுக்கு வாசிக்கக் கற்றுக் கொடுத்தார்கள்.

அந்தச் சரக்கு நம் பக்கம் வந்தபோது அதற்கு இன்னும் பெரிய வேலை காத்திருந்தது. லண்டன் மிஷன் சங்கத்தின் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியர் 1806இல் கன்னியாகுமரிக்குப் பக்கத்து மயிலாடிக்கு வந்தார். இன்று கல்சிற்பத்துக்குப் பெயர் பெற்ற அதே மயிலாடிதான். அவரை அழைத்து வரக் காரணமாயிருந்தவர் அவ்வூர் மகாராசன். ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனவர். ஒடுக்கப்பட்ட சாம்பவர் குலத்தில் பிறந்தவர். 1809இல் மயிலாடியில் கோயில் எழுந்தது. கோயிலோடு பள்ளியும் வந்தது. 1816இல் உடல்நலம் கெட்டு ரிங்கல்தௌபே புறப்பட்டுப் போனபோது பொறுப்பை வேதமாணிக்கத்திடம்தான் விட்டுப் போனார். 1818இல் சார்லஸ் மீட் வந்து சேரும் வரை, சம்பளக்கார மிஷனெரி யாரும் இல்லாத நிலையில், அந்தச் சபைகளை அவர் கவனித்துக்கொண்டார். தன்னார்வத் தொண்டு என்ற சொல் அப்போது பிறக்கவில்லை, காரியம் பிறந்திருந்தது.

மீட் வந்த மறு ஆண்டு, 1819இல், நாகர்கோவிலில் தொடங்கிய செமினரிதான் பின்னாளில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. அதே காலத்தில் வந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்குப் பள்ளி நடத்தியதோடு லேஸ் பின்னலும் சொல்லிக் கொடுத்தார். 1838இல் நெய்யூரில் டாக்டர் ராம்சே மருத்துவப் பணியைத் தொடங்கினார். அதே 1838இல் ஜான் காக்ஸ் திருவனந்தபுரத்தில் மிஷன் நிலையத்தை நிறுவினார். கோயில், பள்ளிக்கூடம், மருத்துவமனை என்ற இந்த மூன்றும் எப்போதும் சேர்ந்தே வந்தன என்பதைக் காட்டவே இத்தனை ஆண்டுக் கணக்கும். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1855இல். நாடார் பெண்கள் மேலாடை அணிய அனுமதித்து அரச அறிக்கை வந்தது 1859இல். பொதுச் சாலையில் நடக்கவே தடை இருந்த மக்களின் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சபை நடுவே உரக்க ஒரு அதிகாரம் வாசிக்கிறது என்றால், அது வெறும் வழிபாடு மட்டுமா? வாசிக்கத் தெரிந்தவன்தான் வழிபாட்டை நடத்த முடியும். வாசிக்கத் தெரிந்தவன்தான் அடுத்த ஊருக்கு உபதேசியாராகப் போக முடியும். வாசிக்கத் தெரிந்தவன்தான் நெய்யூரில் கம்பவுண்டராக முடியும். இரண்டு தண்டவாளங்களைப் பிடித்து நிறுத்தும் ஃபிஷ் பிளேட் போல, வழிபாட்டையும் தொண்டையும் சேர்த்துப் பிடித்தது எழுத்து.

பாளையம் எல்.எம்.எஸ். வளாகத்தில் நிற்கும் எம்.எம். சர்ச்சை நம் வாசகர்கள் எல்லோரும் பேருந்திலிருந்து பார்த்திருப்பார்கள். எம்.எம். என்பது மேட்டீர் மெமோரியல். 1859 முதல் திருவிதாங்கூரில் உழைத்த சாமுவேல் மேட்டீரின் நினைவாக 1906இல் எழுந்தது. இவர் 1871இலும் 1883இலும் திருவிதாங்கூரைப் பற்றி எழுதிய இரு ஆங்கில நூல்களை இன்றும் ஆராய்ச்சியாளர்கள் புரட்டுகிறார்கள்.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். லண்டன் மிஷன் தெற்கே தமிழில் தொடங்கி வடக்கு நோக்கி வளர்ந்தது. திருவனந்தபுரம் இரு மொழியும் சந்திக்கும் இடம். தமிழ்க் கீர்த்தனை மரபு தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) போன்றவர்களால் செழித்தது. இங்கே மோசவத்சலம் சாஸ்திரியார் (1847-1916) கர்நாடக இசை மெட்டுகளில் மலையாளக் கீர்த்தனைகள் பாடினார். இன்றும் ஒரே மெட்டை எங்கள் கோயிலில் தமிழிலும் அடுத்த தெருக் கோயிலில் மலையாளத்திலும் கேட்கலாம். 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. 1959இல் திருமண்டிலமும் கன்னியாகுமரி, தென்கேரளம் என இரண்டாகப் பிரிந்தது. தமிழ்க் கரை அங்கே, மலையாளக் கரை இங்கே என்று ஆயிற்று. இந்தக் கரையில் தங்கிவிட்ட தமிழ்ச் சபைகளின் பாடுதான் இனி நான் சொல்லப்போவது.

எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள். தெருவில் மலையாளம், பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும். தமிழ் எழுத்து எங்கும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் பாடகர் குழுவில் நின்ற பிள்ளைகளின் கையில் இருந்த தாளை எட்டிப் பார்த்தேன். தமிழ்க் கீர்த்தனை முழுவதும் மலையாள எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. பாட்டு மிகத் திருத்தமாக இருந்தது. உச்சரிப்பில் குறையே இல்லை. 'ழ'கரத்தைச் சென்னைப் பிள்ளைகளைவிட நன்றாகவே சொன்னார்கள். (இதற்காக மலையாளப் பள்ளி ஆசிரியர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.) ஆனால் வேதவாசிப்புக்கு முறை வைத்தபோது இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களில் எழுந்து வந்தவர்கள் இரண்டே பேர்.

இதில் என்ன கெட்டுப் போயிற்று, பாட்டுத்தான் கேட்கிறதே என்று சபைக் கமிட்டியில் சிலர் கேட்டார்கள். மலையாள ஆராதனைக்கே மாறிவிடலாம் என்றும் ஒரு கருத்து வந்தது. அது அபத்தமான கருத்தன்று. கடவுளுக்கு மலையாளமும் தெரியும்! ஆனால் அந்த நாட்களில்தான் மருத்துவமனையில் ஒரு சம்பவம் நடந்தது.

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி 1951இல் தொடங்கியது. அதே வளாகத்தில் ஸ்ரீ சித்திரா மருத்துவ நிலையமும் 1981இல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையமும் உள்ளன. கன்னியாகுமரி, திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களிலிருந்து சிகிச்சைக்கு வருபவர்கள் ஏராளம். விடியற்காலை தம்பானூரில் இறங்கி, கையில் ஒரு பிளாஸ்டிக் உறையில் பழைய ரிப்போர்ட்டுகளை வைத்துக்கொண்டு விழிக்கிறவர்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எங்கள் வாலிபர் சங்கத்தார் இவர்களுக்கு வழி காட்டுவது, சீட்டு எடுத்துக் கொடுப்பது, மருத்துவர் சொன்னதை மொழிபெயர்ப்பது என்று உதவி வந்தார்கள். ஒரு ஞாயிறு, தென்காசிப் பக்கத்து விவசாயி ஒருவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஆறு விதமான மாத்திரைகள். சிலது சாப்பாட்டுக்கு முன், சிலது பின், ஒன்று ஒருநாள் விட்டு ஒருநாள். எங்கள் கல்லூரி மாணவி ஒருத்தி மருந்தகத்தில் கேட்டு அவர் மனைவிக்குத் தமிழில் அழகாகவே விளக்கினாள். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கு ஞாபகம் நிக்காது தாயி. தாள்ல எழுதிக் குடு, வீட்டுல பேரன் படிச்சுச் சொல்லுவான்" என்றார். பேனாவை எடுத்த பெண் அப்படியே நின்றுவிட்டாள். பேச்சு முழுதும் நாக்கில் இருந்தது; எழுத்து ஒன்றுகூடக் கையில் இல்லை. மலையாளத்தில் எழுதினால் தென்காசிப் பேரனுக்கு என்ன புரியும்? கடைசியில் வராந்தாவில் தமிழ் படித்த வேறொருவரைத் தேடிப் பிடித்து எழுதி வாங்க நாற்பது நிமிடம் ஆயிற்று. ஊருக்குப் போகும் பஸ்ஸும் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு எட்டு மணிக்கு அந்த மாணவி அரிச்சுவடி வகுப்பில் ஐந்து வயதுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தொடர்ந்து இன்னும் நான்கு பேர் வந்தார்கள். கமிட்டியில் நாங்கள் மணிக்கணக்கில் பேசியும் நடக்காதது அன்று நடந்தது.

அன்று முதல் எட்டு மணி வகுப்பில் முதல் நாற்பது நிமிடம் தமிழ் எழுத்து. சொல்லிக் கொடுப்பவர்களில் நானும் ஒருவன். முறையை எழுதுகிறேன்; வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க விரும்பும் பெற்றோருக்குப் பயன்படலாம்.

அ, ஆ என்று தொடங்குவதில்லை. பிள்ளைக்குக் காதால் நன்கு தெரிந்த ஒரு கீர்த்தனையின் பல்லவியைப் பெரிய எழுத்தில் எழுதி முன்னால் வைக்கிறோம். பாடிக்கொண்டே விரலை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்த வேண்டும். ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் பல்லவி திரும்பி வருவதால் ஒரு பாட்டுக்குள் அதே வரி ஐந்தாறு முறை கண்ணில் படும். இரண்டு வாரத்தில் அந்த வரியின் எழுத்துகள் எங்கே கண்டாலும் அடையாளம் தெரியும். பிறகு அதே எழுத்துகளை மாற்றிப் போட்டு வேறு சொற்கள். நான்கு கீர்த்தனைகளுக்குள் தமிழ் எழுத்துகளில் பெரும்பாலானவை வந்துவிடுகின்றன. விட்டுப்போனவற்றுக்கு மட்டும் அட்டை. இது கிறிஸ்தவப் பாட்டில்தான் நடக்கும் என்பதில்லை. வீட்டில் திருப்புகழ் ஒலித்தால் திருப்புகழ், நாகூர் ஹனீபா ஒலித்தால் அவர் பாட்டு. காது முன்னே போக வேண்டும், கண் பின்னே வர வேண்டும். அவ்வளவுதான்.

மலையாளம் படித்த பிள்ளைக்குச் சில வசதிகள் உண்டு. த, ண, வ, ழ போன்றவற்றுக்கு இரு மொழியிலும் முகச்சாயல் உண்டு. கொம்பு போட்டுப் பின்னால் கால் வாங்கும் 'கொ', 'கோ' முறையும் பழக்கமானதே. இடர்ப்பாடுகளும் உண்டு. மலையாளத்தில் ககர வரிசைக்கு நான்கு எழுத்து. இங்கே ஒன்றே ஒன்று. "இது எந்தக் 'க' அங்கிள்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். சொல்லின் முதலிலும் இரட்டித்தபோதும் வல்லோசை ('கடல்', 'பக்கம்'). மெல்லினத்தின் பின்னும் உயிருக்கு நடுவிலும் மென்மை ('தங்கம்', 'அகம்') என்று சொன்னால் பிடித்துக்கொள்கிறார்கள். எல்லாவற்றிலும் கடினம் ந, ன. மலையாளத்தில் இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்து. ஆகவே 'நான்' என்பதை 'னான்' என்றோ 'நாந்' என்றோ எழுதுவார்கள். சொல்லின் முதலில் வந்தால் ந, தகரத்துக்கு முன் வந்தால் ந, மற்ற இடத்தில் பெரும்பாலும் ன என்ற விதி முக்கால்வாசித் தவறுகளைத் தீர்க்கும். 'அந்நாள்' போன்றவை பிறகு வரட்டும்.

இன்னொரு வேடிக்கை. எங்கள் பழைய வேதாகமத் தமிழை வடமொழி கலந்தது என்று தமிழ்நாட்டில் குறை சொல்வார்கள். 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பில் கிருபை, ஸ்தோத்திரம், இரட்சிப்பு என்றே வரும். 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் அருள், மீட்பு என்று நல்ல தமிழ். நானும் அதையே விரும்புகிறேன். ஆனால் இங்குள்ள பிள்ளைகளுக்குக் கிருபையும் ஸ்தோத்திரமும் மலையாளத்திலிருந்தே தெரியும். 'மீட்பு'க்குத்தான் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. தனித்தமிழ் அன்பர்கள் கோபிக்க வேண்டாம். முதலில் பழையதில் ஏற்றி, பிறகு புதியதில் இறக்குகிறோம்.

கோயில் நேரத்தில் அரிச்சுவடியா என்று முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. அதற்கு நான் சொல்லும் பதில் தும்பா. ராக்கெட் ஏவுவதற்குப் பூமியின் காந்த மத்திய ரேகைக்கு அருகில் இடம் தேடியபோது விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்த கடற்கரை, மீனவர் வழிபட்டு வந்த புனித மகதலேனா மரியாள் கோயில் நின்ற இடமாக இருந்தது. விக்ரம் சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைராவைச் சந்தித்தார். ஆயர் முடிவைத் தாமே சொல்லிவிடவில்லை; ஞாயிறு வழிபாட்டில் மக்கள் முன் வைத்து அவர்கள் சம்மதத்தைக் கேட்டார் என்று அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். மக்கள் இசைந்தார்கள். 1963 நவம்பர் 21இல் அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. கோயிலும் ஆயர் இல்லமும் பணிமனையாகவும் அலுவலகமாகவும் ஆயின, இன்று கோயில் விண்வெளி அருங்காட்சியகம். அந்தச் சபை படிப்புக்காகக் கோயிலையே கொடுத்தது. நாங்கள் நாற்பது நிமிடம் கொடுக்கிறோம்.

தொண்டுக்கான காசு எங்கிருந்து வருகிறது என்று கரமனை நண்பர் கேட்டார். பெரும்பகுதி பிடியரிசியிலிருந்து. பெண்கள் ஒவ்வொரு நாளும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே ஒரு டப்பாவில் போடுவார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அதைக் கோயிலுக்குக் கொண்டு வருவார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் பழைய வழக்கம். மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபை இதையே 1910 முதல் நடத்தி, அதைக் கொண்டு பெரும் பணிகளைச் செய்து வருகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பிடி சுமார் 35 கிராம். மாதம் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். நாற்பது வீடு என்றால் 42 கிலோ. பெரிய அளவில்லை. ஆனால் எந்த வீட்டுக்கும் பாரமில்லை. எந்த மாதமும் நிற்பதுமில்லை. அதில் ஒரு பங்கு கஞ்சியாக நோயாளிகளோடு இருப்பவர்களுக்குப் போகிறது. மீதி விற்று நோட்டுப் புத்தகம், பேனா, ஊருக்குத் திரும்பக் காசில்லாதவர்களுக்கு டிக்கெட்.

மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு விதிகள் கடுமை. துண்டுப் பிரசுரம் கையில் இருக்கக் கூடாது என்பது முதல் விதி. ஜெபம் செய்யச் சொல்லி அவர்களே கேட்டால் செய்யலாம். நாமாகத் தொடங்கக் கூடாது. இதில் சபையில் எல்லோருக்கும் உடன்பாடில்லை. ஆனால் வலியோடு கிடப்பவரின் சங்கடத்தை நாம் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது என்பதில் நான் விட்டுக் கொடுக்கவில்லை. நோயைப் பற்றி நாமாக ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. மருந்தகத்தில் சொன்னதை மட்டும் எழுத வேண்டும். காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம். உணவுக்கு முன்னா பின்னா என்று ஒரு கட்டம். எழுதியதை மருந்தகத்தாரிடம் மலையாளத்தில் திரும்பச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். பிறகு உறவினரை வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவர் என்றால் சூரியன், நிலா வரைந்து கொடுப்போம். ரயில்வேயில் தொலைபேசியில் சொன்ன எண்ணை எதிர்முனை திருப்பிச் சொன்ன பிறகுதான் வண்டி நகரும். அதே முறைதான்.

எழுத்தோடு இன்னொரு பட்டியலும் வளர்ந்து வருகிறது. இரு மொழியிலும் ஒரே ஓசை, வேறு பொருள் உள்ள சொற்கள். 'எங்கே தாமசம்?' என்று நர்ஸ் கேட்டால் எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று பொருள். நம்மவர், தாமதமாக வந்ததற்குத்தான் கேட்கிறார் என்று நினைத்து, பஸ் கிடைக்கவில்லை என்பார். 'டாக்டரோடு சம்சாரிக்கணும்' என்றால் பேச வேண்டும் என்பது. கேட்ட பெரியவர் ஒருவர் தம் சம்சாரத்தைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டார். இவை சிரிப்போடு போகும். 'வெள்ளம் குடிக்கருது' என்பது சிரிப்பில் போவதில்லை. பரிசோதனைக்கு முன் தண்ணீர் குடிக்கக் கூடாது என்ற கட்டளை அது. வெள்ளம் என்றால் நம்மவருக்கு ஆற்றில் வருவது. 'அருது' என்ற விலக்கோ தமிழ்ப் பேச்சிலிருந்து மறைந்தே போயிற்று. பரிசோதனை ஒரு நாள் தள்ளிப்போனால் இன்னொரு இரவு வராந்தாவில் படுக்க வேண்டும். 'வேதனை' என்றால் இங்கே உடல்வலி. 'உச்சைக்கு' என்றால் நண்பகலில். 'ஒப்பு' என்றால் கையெழுத்து. 'குளிக' என்றால் மாத்திரை.

இப்போது பட்டியலில் 64 சொற்கள் இருக்கின்றன. அரிச்சுவடி வகுப்புப் பிள்ளைகளே இரு எழுத்திலும் எழுதி, வார்டுக்குப் போகும் ஒவ்வொருவர் பையிலும் ஒரு பிரதி வைத்திருக்கிறார்கள். தென்காசிப் பெண்மணிக்கு எழுத முடியாமல் நின்ற மாணவி இப்போது வேலைக்குப் போகிறாள். மாதம் இரண்டு ஞாயிறு வந்து ந, ன சொல்லிக் கொடுக்கிறாள். நம் சங்க உறுப்பினர்கள் மருத்துவமனையிலோ கடைத்தெருவிலோ இப்படி இடறிய சொற்கள் ஏதேனும் இருந்தால் அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒரு சீட்டில் எழுதிக் கொண்டு வந்து தரலாம். மருந்து, உணவு, உடல் உறுப்பு, பணம் சம்பந்தப்பட்டவை முதலில் வேண்டும்.